விளக்கைக் கூட்டலாம், வேளையைக் கூட்டலாகாது

படம் எடுத்து முடித்த பிறகு அதன் வெளிச்சத்தைத் திருத்துவது துரோகம் என்று ஒரு கட்சி. எல்லாப் படமும் கட்டப்பட்டதுதானே, இதில் துரோகம் எங்கிருந்து வந்தது என்று எதிர்க்கட்சி. நம்முடைய சிறிய வட்டத்தில் இரண்டுக்கும் ஆட்கள் உண்டு. முதல் கட்சியினர் 'கணம்', 'சாட்சியம்', 'தூய்மை' என்ற மூன்று சொற்களைத் தேவாரம் போல் ஓதுகிறார்கள். மற்றவர்கள் நாலைந்து பிரெஞ்சுப் பெயர்களை உச்சரித்துவிட்டு, காரியம் முடிந்ததென்று வெற்றிலை போடப் போய்விடுகிறார்கள். இரு தரப்பாருமே காமிராவுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு. பார்த்திருந்தால் சண்டையே வேறு இடத்தில் நடந்திருக்கும்.

1

ஆகவே முதலில் விஷயத்துக்கு வருவோம். ஓர் இருண்ட மண்டபம். உள்ளே ஒரு சிலை. காமிராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தியாயிற்று. இடப்பக்கத்து விளக்கை மட்டும் ஏற்றி ஒரு படம். அதை அணைத்துவிட்டு வலப்பக்கத்து விளக்கில் ஒன்று. பின்பக்கத்து விளக்கில் இன்னொன்று. ஆக மூன்று எக்ஸ்போஷர்கள். பிறகு மேஜைக்கு வந்து கம்ப்யூட்டரில் மூன்றையும் கூட்டுகிறோம். இடது விளக்கு பாதியாக எரிந்திருந்தால் போதும் என்று தோன்றினால், அந்தப் படத்தைப் பாதியாக்கிக் கூட்டலாம். பின்விளக்கு மஞ்சளாக இருந்திருக்க வேண்டுமென்றால், அந்தப் படத்தை மட்டும் மஞ்சளாக்கிக் கூட்டலாம். மண்டபத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

இது ஜாலவித்தை இல்லை, ஒளியின் இயல்பு. இரண்டு விளக்குகளின் ஒளி ஒரு கல்லின் மேல் விழும்போது ஒன்றையொன்று தின்பதில்லை, தடுப்பதில்லை, கூடுகிறது. இரண்டும் சேர்ந்து எரியும்போது கல் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருமோ, அது இரண்டும் தனித்தனியே எரிந்தபோது தந்ததன் கூட்டுத்தொகையேதான். நிழலும் இதில் அடக்கம். கல்லிலிருந்து சுவருக்குப் போய்ச் சுவரிலிருந்து மறுபடி கல்லுக்கு வருகிற மங்கல் ஒளியும் அடக்கம். பால் ஹேபர்லி 1992இல் ஒரு சிறு குறிப்பில் இதை எளிமையாகச் செய்து காட்டினார். கூட்டுவது மட்டுமல்ல, கழிக்கவும் முடியும் என்பதையும் காட்டினார். ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் சேர்ந்த படத்திலிருந்து ஜன்னல் வெளிச்சம் மட்டும் உள்ள படத்தைக் கழித்தால், விளக்கு மட்டும் எரிந்த அறை கிடைக்கும். இன்னும் கழித்துக்கொண்டே போனால் இருட்டை வீசுகிற விளக்கொன்று கிடைக்கும். அப்படி ஒரு விளக்கு உலகத்தில் இல்லை. கணக்குக்கு அது தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. நம் கம்ப்யூட்டர் கோப்புகளில் உள்ள எண்கள் ஒளியின் அளவுகள் அல்ல; கண்ணுக்கு இணங்க ஒரு வளைவில் வளைக்கப்பட்டவை. அவற்றை அப்படியே கூட்டினால் பிழையான வெளிச்சம் வரும். முதலில் வளைவை நிமிர்த்தி, ஒளிக்கு நேர்விகிதமாக்கி, கூட்டி, பிறகு மறுபடி வளைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல், இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எது பிரகாசமோ அதை மட்டும் எடுத்துக்கொள்கிற 'லைட்டன்' முறையில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அது கூட்டல் இல்லை, பொறுக்கல். இரண்டு விளக்கும் தொடுகிற இடத்தில் ஒன்றை மறந்துவிடுகிற படம் அது. எந்த மண்டபத்திலும் அப்படி ஒளி விழுந்ததில்லை. விமர்சகன் கண்டிக்க வேண்டியது இந்த அசட்டையைத்தான். ஆனால் நம்மவர்கள் கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டதுமே கண்டிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்குள் நடப்பது கூட்டலா பொறுக்கலா என்று யாரும் கேட்பதில்லை.

2

தூய்மைக் கட்சிக்கு என் கேள்வி இது. பிலிம் காலத்தில் இருண்ட மாதாகோவில்களையும் குகைகளையும் படமெடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, கையில் ஒரு பிளாஷோடு உள்ளே போனார்கள். இந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு மின்னல், அந்த வளைவுக்குக் கீழே ஒரு மின்னல். பத்து இடத்தில் பத்து முறை. எல்லாம் ஒரே பிலிமில் விழுந்து கூடியது. பத்து விளக்குகள் ஒரே சமயத்தில் அந்தக் கட்டிடத்தில் ஒருபோதும் எரிந்ததில்லை. ஆனாலும் அந்தப் படங்களை யாரும் போலி என்று சொன்னதில்லை. பிலிம் கூட்டினால் தூய்மை, மேஜையில் கூட்டினால் துரோகம் என்பது எந்த ஊர் நியாயம்? கணக்கு ஒன்றுதான். பிலிம் கூட்டியதைப் பிரிக்க முடியாது, மேஜையில் கூட்டியதைப் பிரிக்க முடியும் என்பது மட்டுமே வித்தியாசம். அது முக்கியமான வித்தியாசம்தான். ஆனால் அது தூய்மை சம்பந்தப்பட்டதல்ல, பொறுப்பு சம்பந்தப்பட்டது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நம் சினிமாவிலிருந்தே உதாரணம் வேண்டுமானால், 1940இல் வந்த 'உத்தம புத்திர'னில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்டார். தமிழில் முதல் இரட்டை வேடம் என்று அதைச் சொல்வார்கள். அந்த நாளைய வழி மாஸ்க் ஷாட். லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு முறை, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி மறு பாதியை மறைத்து இன்னொரு முறை. இரண்டு பாதியிலும் வெளிச்சம் இம்மி பிசகாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் கோடு விழும். கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏமாறவும் இல்லை, ஏமாற்றப்பட்டதாகக் குறைப்படவும் இல்லை. ஏனென்றால் அது கதை என்று முதலிலேயே சொல்லப்பட்டிருந்தது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஒரு கவிதையை இருபது முறை அடித்துத் திருத்தி, மார்கழியில் வந்த வரியை ஆடியில் மாற்றி, பிறகு அதைக் 'கணத்தின் வெடிப்பு' என்று அச்சடித்துத் தருகிறவர்கள்தான் புகைப்படக்காரனிடம் கணத்தின் கற்பைக் கோருகிறார்கள். தங்கள் மேஜைக்கு ஒரு சட்டம், அவன் மேஜைக்கு இன்னொன்று.

3

இனி மறு கட்சி. 'எல்லாம் கட்டப்பட்டதே' என்பது அவர்கள் கோஷம். இருக்கட்டும். கோயிலும் கட்டப்பட்டதுதான், கள்ளச்சாராயக் குடிசையும் கட்டப்பட்டதுதான். கட்டப்பட்டது என்று கண்டுபிடித்ததோடு விமர்சனம் முடிவதில்லை, அங்கேதான் ஆரம்பமாகிறது. எதைக்கொண்டு கட்டினாய், எதை மறைத்துக் கட்டினாய், யாருக்கு என்னவென்று சொல்லிக் கட்டினாய்?

பழைய கதையைப் பார்க்கலாம். 1850களின் கொலோடியன் நெகடிவ் நீலத்துக்கு மிதமிஞ்சிக் கூசும். கடலுக்குச் சரியாக எக்ஸ்போஷர் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். குஸ்தாவ் லெ க்ரே கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் எடுத்து, அடிவானக் கோட்டில் இணைத்து அச்சிட்டார். 1857இல் செத் துறைமுகத்தில் எடுத்த 'பேரலை' அப்படி வந்தது. அதே நாளின் வானத்தையே அவர் எப்போதும் வைத்திருந்தால் நான் அவர் பக்கம் முழுமையாக நின்றிருப்பேன். கருவியின் ஊனத்தை ஈடுகட்டினார், கண் கண்டதைத் திருப்பிக் கொடுத்தார் என்று வாதாடியிருப்பேன். ஆனால் ஒரே மேகத்தை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட கடல்களின் மேல் ஏற்றியிருக்கிறார். இங்கே விஷயம் மாறிவிடுகிறது. வெளிச்சத்தைச் சேர்ப்பது நின்று, ஒரு வேளையோடு இன்னொரு வேளையைச் சேர்ப்பது தொடங்கிவிட்டது. படம் அழகாகத்தான் இருக்கிறது. அந்த மேகத்தின் கீழ் அந்த அலை எழுந்ததா என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

அதே 1857இல் ஆஸ்கர் ரெய்லண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து 'வாழ்வின் இரு வழிகள்' என்ற நீதிக்கதைப் படத்தை மான்செஸ்டர் கண்காட்சியில் வைத்தார். விக்டோரியா ராணி ஒரு பிரதி வாங்கினார். மறு வருஷம் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகடிவ்களால் ஒரு பெண்ணைச் சாகவைத்தார்: 'மங்கி மறைதல்'. மரணப் படுக்கைக்குள் காமிரா நுழைந்துவிட்டதே என்று பலர் பதறினார்கள். நுழையவில்லை, அவள் மாடல். ராபின்சனின் வழியை எதிர்த்து 1889இல் ஒரு புத்தகமே எழுதினார் பீட்டர் ஹென்றி எமர்சன். இந்தச் சண்டைகளிலெல்லாம் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. ரெய்லண்டரும் ராபின்சனும் நாடகம் போட்டார்கள். நாடகத்தை நாடகம் என்றே மதிப்பிடலாம். ரெய்லண்டருடையது மோசமான நாடகம், அவ்வளவுதான்.

அக்கறை எங்கே வருகிறதென்றால், 1917இல் பெல்ஜியப் போர்முனையில். ஆஸ்திரேலிய ராணுவத்தின் படக்காரர் பிராங்க் ஹர்லி, போரின் விஸ்தாரம் ஒரு நெகடிவுக்குள் அடங்காது என்றார். சிப்பாய்கள் ஒன்றில், குண்டுப்புகை ஒன்றில், விமானங்கள் வேறொன்றில். இணைத்தார். அவரோடு இருந்த போர் வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன் அதைப் போலி என்றார். வரலாற்றுக்கு இந்த மாதிரிப் படம் வேண்டாம் என்று சண்டை போட்டார். ஹர்லி ராஜினாமா வரைக்கும் போனார். கடைசியில் 1918 லண்டன் கண்காட்சியில் அவருடைய ஒட்டுப்படங்கள் ஆள் உயரத்துக்கும் மேலே பெரிதாக்கப்பட்டுத் தொங்கின, கூட்டம் அலைமோதியது. ஹர்லி சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது: போர் ஒரு பிரேமில் அடங்காது. ஆனால் அடங்காததை அடங்காததாகவே காட்டுவதற்கு ஒரு நேர்மை வேண்டும். பீன் பக்கம்தான் நான்.

எண்பத்தாறு வருஷம் கழித்து அதே வழக்கு மறுபடி வந்தது. 2003 மார்ச் 31 அன்று 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' முதல் பக்கத்தில் பாஸ்ராவில் எடுத்த படம் ஒன்று. ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் கையை உயர்த்தி எச்சரிக்கிறான், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் ஈராக்கியர் அவனை நோக்கி வருகிறார். படக்காரர் பிரயன் வால்ஸ்கி, சில கணங்கள் இடைவெளியில் எடுத்த இரண்டு பிரேம்களை இணைத்திருந்தார். மறுநாளே வேலை போயிற்று. கவனியுங்கள்: இடம் ஒன்று, வெயில் ஒன்று, ஆட்கள் அவர்களே. வெளிச்சத்தில் குன்றிமணி அளவு பொய் இல்லை. பொய் முழுக்க முழுக்க வேளையில் இருந்தது. அந்தக் கை உயர்ந்த கணம் ஒன்று, அந்தத் தகப்பன் அப்படி வந்த கணம் வேறொன்று. சிப்பாய்க்கும் அந்தத் தகப்பனுக்கும் நடுவில் நடந்ததாகக் காட்டப்பட்டது நடக்கவில்லை.

என் கோட்பாடு என்று ஏதாவது இருந்தால் இதுதான். விளக்கைக் கூட்டுவது வேறு, வேளையைக் கூட்டுவது வேறு. முதலாவது, நடந்திருக்கக்கூடிய ஒன்றைத் தருகிறது. மூன்று விளக்கையும் சேர்த்து ஏற்றியிருந்தால் அதேதான் கிடைத்திருக்கும், யாரும் போய்ச் சோதிக்கலாம். இரண்டாவது, நடக்காத ஒன்றைத் தருகிறது. அதைச் சோதிக்க எந்த மண்டபமும் இல்லை.

4

'சிலைக்குச் சரி, மனித முகத்துக்கு?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உயிருள்ள முகத்தை மூன்று முறை எடுத்தால் மூன்று வேளைதான். இடையில் அவர் மூச்சு விடுகிறார். 2000ஆம் ஆண்டில் பால் டெபவெக்கும் கூட்டாளிகளும் கலிபோர்னியாவில் ஒரு கருவி செய்தார்கள். ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து அவர் தலையைச் சுற்றி ஒரு விளக்கைச் சுழலவிட்டு, ஒரு நிமிஷத்துக்குள் 2,000க்கும் மேற்பட்ட திசைகளிலிருந்து அந்த முகத்தைப் பதிவு செய்தார்கள். பிறகு எந்தத் தேவாலயத்தின் வெளிச்சத்திலும், எந்தக் காட்டின் வெளிச்சத்திலும் அந்த முகத்தை உட்காரவைக்க முடிந்தது. 2004இல் வந்த இரண்டாவது 'ஸ்பைடர்மேன்' படம் தொடங்கி ஹாலிவுட்டுக்கு அது தொழிற்கருவியாகிவிட்டது. அந்த ஒரு நிமிஷம் அவர் அசையாமல் இருக்க வேண்டும். அதாவது சற்று நேரம் சிலையாக வேண்டும். தகேரோடைப் காலத்தில் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வியை வைத்து உட்காரவைத்தார்களே, அந்த உபசாரம்தான் திரும்பி வந்திருக்கிறது.

ஆகவே எல்லைக்கோடு கத்தி விளிம்பு போல இல்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் மங்கலான எல்லை, எல்லை இல்லை என்பதற்குச் சான்றாகாது. அந்தி இருப்பதால் பகலும் இரவும் ஒன்றாகிவிடவில்லை. நான் கேட்கிற கேள்வி இதுதான்: இரண்டு எக்ஸ்போஷருக்கும் நடுவில் மாறிய விஷயம், படம் சொல்லவந்த விஷயமா? முகத்தில் ஒரு மயிரிழை அசைந்தது என்றால் இல்லை. ஒரு கை உயர்ந்து தாழ்ந்தது, ஒரு சிரிப்பு வந்து போயிற்று என்றால் ஆம்.

சிரிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. 2023இல் கூகுள் தன் பிக்ஸல் போனில் ஒரு வசதி வைத்தது. குடும்பத்தோடு நாலைந்து படம் எடுத்துக்கொண்டால், ஒவ்வொருவருடைய நல்ல முகத்தை ஒவ்வொரு படத்திலிருந்தும் எடுத்து ஒரே படமாக்கித் தரும். அந்தக் குடும்பம் ஒரே சமயத்தில் ஒருபோதும் சிரிக்கவில்லை. படத்தில் சிரிக்கிறது. வால்ஸ்கிக்கு வேலையைப் பறித்த காரியம் இருபது வருஷத்தில் ஒரு பொத்தானாகிவிட்டது, நாம் அதை வசதி என்கிறோம். பேரனுக்கு அந்தப் படம்தான் மிஞ்சும். தாத்தாவும் பெரியப்பாவும் பேசாமலிருந்த வருஷம் மிஞ்சாது.

5

இப்போது பொறுப்பு. பிலிமில் கூட்டியவன் மண்டபத்திலேயே முடிவெடுத்தான். அவன் கண் அங்கே வேலை செய்தாக வேண்டும். தனித்தனியாக எடுத்து வருபவன் முடிவை ஒத்திவைக்கிறான். ஒத்திவைத்த முடிவு அவனிடமே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எந்த விளக்குக்கு எவ்வளவு எடை என்பதை ஆல்பக்காரர் முடிவு செய்யலாம், விளம்பரக் கம்பெனி முடிவு செய்யலாம், பத்திரிகையின் டிசைனர் முடிவு செய்யலாம்.

வெளிச்சத்தின் எடையை அந்நியக் கை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஒட்டுப்படம்கூட வேண்டாம், ஒற்றைப் படமே போதும். 1994 ஜூன் 27 தேதியிட்ட 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டும் ஓ. ஜே. சிம்ஸனின் ஒரே போலீஸ் படத்தை அட்டையில் போட்டன. 'டைம்' அதை இருட்டாக்கியிருந்தது. இரண்டும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியதால் குட்டு வெளிப்பட்டது. கறுப்பு மனிதனைக் கறுப்பாக்கியது குற்றவாளியாக்குவதற்கு என்று ஜனங்கள் சரியாகவே வாசித்தார்கள். பத்திரிகை வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

நம் ஊரில் இதன் மறுபக்கம் நடக்கிறது. ஸ்டூடியோவில் கல்யாணத்துக்குக் காட்ட எடுக்கிற பெண்ணின் படத்தை நிறம் ஏற்றித் தராத ரீடச்சிங் மேஜை எங்கே இருக்கிறது? அங்கே அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. 'வெளிச்சம் சரி பண்ணினது' என்கிறார்கள். பல ஆண்டுகள் கொடாக் கலர் பிலிமை அச்சிட்டுச் சரிபார்க்க அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகத்துக்குச் சரியாக இருந்தால் உலகத்துக்கே சரி என்று கணக்கு. 2020இல் பிக்ஸல் போனில் எடுத்து முடித்த முகத்தின் மேல் புதிதாக ஒரு விளக்கை ஏற்றுகிற வசதி வந்தது. எங்கும் எரியாத விளக்கு; டெபவெக்கினது போன்ற கருவியில் யார் யாரையோ எடுத்துப் பழக்கிய அனுமானம். என் வகைப்பாட்டில் இது மூன்றாவது ஜாதி. முதலாவதில் விளக்கு இருந்தது. இரண்டாவதில் வேளையாவது இருந்தது. இதில் இரண்டும் இல்லை. என் மாமியின் கன்னத்தில் ஒளி எப்படி விழும் என்று அவளைப் பார்த்திராத ஒரு கணக்கு முடிவு செய்கிறது. அவளுடைய கறுப்பில் இருந்த செம்பு நிறம் அந்தக் கணக்கில் இருக்கிறதா இல்லையா என்று கேட்க ஆளில்லை. துரோகம் என்ற சொல்லைத் தூய்மைக் கட்சியினர் இங்கே எடுத்து வந்திருந்தால் நானும் சேர்ந்து கத்தியிருப்பேன். அவர்களோ, சிலைக்கு மூன்று விளக்கு வைத்தவனைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

6

எனவே நான் கேட்பது தூய்மையை அல்ல. மூன்றே காரியங்களைக் கேட்கிறேன். தனித்தனி எக்ஸ்போஷர்கள் அழிக்கப்படாமல் இருக்க வேண்டும். கூட்டுத்தொகையைக் காட்டுகிறவன் கூட்டிய தொகைகளையும் கேட்டால் காட்ட வேண்டும். எடைகளைப் படமெடுத்தவனே போட வேண்டும்; வேறு கை போட்டால் அந்தக் கையின் பெயரும் படத்தின் கீழ் வர வேண்டும். வேளைகளைக் கூட்டியிருந்தால் அதைக் கதை என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு அது எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகட்டும்.

இந்த மூன்றும் பெரிய பத்திரிகைகளுக்கு எட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நாம் முன்னூறு பிரதி அடிக்கிறோம். நம் அட்டையில் ஒரு கவிஞரின் முகத்தைப் போடும்போது, அது எந்த விளக்கில், யார் எடையில், எத்தனை வேளையில் எடுத்தது என்று ஒரு வரி அச்சிட நமக்கு யார் அனுமதியும் தேவையில்லை. கணம், சாட்சியம் என்று பேசுகிறவர்களும், எல்லாம் கட்டப்பட்டது என்று பேசுகிறவர்களும் சேர்ந்து நடத்துகிற பத்திரிகைகளில்கூட அந்த ஒரு வரியை நான் இதுவரை பார்த்ததில்லை. அடுத்த இதழில் போடுங்கள். பிறகு சண்டை போடலாம்.